குழாயும் மரையும் – ஓஸ் பைப்பின் கதை

மாடி வீட்டில் செடி வளர்க்கிறவங்க எல்லோருக்கும் ஒரு நாள் வரக்கூடிய பிரச்னை இது. பால்கனியில் குழாய் இருக்காது. சமையலறைக் குழாயிலிருந்து ஒரு டியூபை இழுத்துவிட்டா வேலை முடிஞ்சது. டியூப் வாங்குறது அஞ்சு நிமிஷ வேலை. அதைக் குழாயில் மாட்டுறதுதான் அஞ்சு வாரமானாலும் முடியாத வேலை. துணியைச் சுத்தி, கயிறைக் கட்டி, கடைசியில் வீட்டுல ஒருத்தர் குழாய்கிட்ட நின்னு கையால அழுத்திப் பிடிச்சுக்கணும், இன்னொருத்தர் செடிக்குத் தண்ணி விடணும். இதுக்கு பக்கெட்டே தேவலைன்னு தோணிடும் :-)

டியூப் ஈஸியா கிடைக்குது, மாட்டுற சாமான் மட்டும் ஏன் இவ்வளவு படுத்துது? இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டே போனா சுமார் 350 வருஷம் பின்னால போகவேண்டியிருக்கு. நான் படிச்ச வரைக்கும் எனக்குப் பட்டது இதுதான்: தண்ணியைக் கொண்டு போற குழாயைக் கண்டுபிடிச்சது பெரிய சாதனைதான். ஆனா அதைவிடக் கஷ்டம், ரெண்டு முனையைச் சேர்க்கிற விஷயத்துல மனுஷங்க ஒத்துப்போனது. அதுக்கு ஒரு ஊரே எரிய வேண்டியிருந்தது.

முதல்ல ஆம்ஸ்டர்டாமுக்குப் போவோம். யான் வான் டெர் ஹெய்டன் (1637-1712)னு ஒரு ஓவியர். தெருக்களையும் வீடுகளையும் செங்கல் செங்கலா வரையறதுல பேர் போனவர். தெருவிளக்குக்கும் திட்டம் போட்டுக் கொடுத்தவர். அந்தக் காலத்துல தீயணைக்கும் எந்திரம்னா தண்ணித் தொட்டி, அதுமேல ஒரு பம்பு, பம்புக்கு மேல ஒரு பித்தளை மூக்கு. அவ்வளவுதான். எந்திரத்தைத் தீக்குப் பக்கத்துலயே தள்ளிக்கிட்டு வரணும். பக்கெட்டை வரிசையா கைமாத்திக் கைமாத்தித் தொட்டியை நிரப்பணும். வீட்டுக்குள்ள எரியுற தீயை வெளியில நின்னுதான் அடிக்க முடியும்.

1672 வாக்கில் யானும் அவர் அண்ணன்தம்பி உறவான நிக்கலாஸும் சேர்ந்து இதை மாத்தினாங்க. தோலைக் குழாய் மாதிரி தைச்சு பம்போட இணைச்சாங்க. எந்திரம் கால்வாய் ஓரமா நிக்கும்; குழாயின் நுனியை மட்டும் வீட்டுக்குள்ள கொண்டு போகலாம். ஐம்பது ஐம்பது அடித் துண்டுகளா செஞ்சு, ஒவ்வொரு துண்டு முனையிலயும் பித்தளையில மரை வெச்சாங்க. தேவையான நீளத்துக்கு ஒண்ணோட ஒண்ணைத் திருகிக்கலாம். 1690-ல் படங்களோட இதைப் பத்தி ஒரு புத்தகமும் போட்டார் யான். டச்சு மொழியில பாம்புக்கும் ஓஸ் பைப்புக்கும் ஒரே வார்த்தைதான், 'ஸ்லாங்'. கால்வாயிலிருந்து தெருவுல நெளிஞ்சு கிடந்த அந்தத் தோல் குழாயைப் பார்த்தவனுக்கு வேற என்ன தோணியிருக்கும்?

இதுல கவனிக்க வேண்டியது, குழாயும் மரையும் கூடவே பிறந்ததுங்க. மரை இல்லாம இருந்திருந்தா அது வெறும் ஐம்பது அடித் தோல்.

தோல் குழாய்க்கு ஆயிரம் சீக்கு. தையல் வழியா ஒழுகும், காய்ஞ்சா வெடிக்கும், எண்ணெய் போட்டுக்கிட்டே இருக்கணும். 19-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல பிலடெல்பியாவில் தையலை விட்டுட்டு செம்பு ரிவெட் அடிச்சுப் பார்த்தாங்க. அது தாங்குச்சு. ஆனா கனம் தாங்கலை. அப்புறம்தான் ரப்பர் வந்துச்சு. சும்மா ரப்பர்னா வெயிலுக்கு உருகும், குளிருக்கு நொறுங்கும். 1839-ல் சார்லஸ் குட்இயர் கந்தகத்தோட சேர்த்துச் சூடுபடுத்தினா ரப்பர் பக்குவப்படும்னு கண்டுபிடிச்சார். 1844-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைச்சது. மனுஷன் 1860-ல் கடனோடதான் செத்தார். 1870-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்துல குட்ரிச் ரப்பர் தொழிற்சாலை போட்டப்ப, முதல் சரக்குகள்ல ஒண்ணு தீயணைப்பு ஓஸ் பைப்தான்.

இந்த இடத்துல நம்ம ஆளுங்க கதைக்குள்ள வர்றாங்க. ரப்பர் அதுவரைக்கும் அமேசான் காட்டுச் சரக்கு. 1876-ல் ஹென்றி விக்கம் என்கிற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அதில் முளைச்சது கொஞ்சம்தான். பெரும்பாலான கன்றுகள் இலங்கைக்குக் கப்பலேறின. அடுத்த வருஷம் 22 கன்றுகள் சிங்கப்பூருக்குப் போச்சு. அதுக்கப்புறம் இலங்கையிலயும் மலாயாவிலயும் எழும்பிய தோட்டங்கள்ல விடியறதுக்கு முன்னாடி எழுந்து பால் வெட்டினது யாருன்னு உங்களுக்கே தெரியும். கங்காணிகள் கூட்டிக்கிட்டுப் போன தமிழ்க் குடும்பங்கள். அந்த ரப்பர்ல பெரும்பங்கு டயருக்குப் போச்சுன்னாலும், சீமையில பூந்தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சிய டியூபிலும் பால்மரக் காட்டுல சிந்தின வேர்வை இருந்தது. இதை எந்த ஓஸ் பைப் விளம்பரமும் சொல்லாது.

இப்ப நாம வாங்குற டியூப் பெரும்பாலும் ரப்பரே கிடையாது, பி.வி.சி. விறைப்பா இருந்த அந்தப் பிளாஸ்டிக்கை வளையுற மாதிரி ஆக்கினவர் வால்டோ சீமன், வருஷம் 1926. வேலை பார்த்தது அதே குட்ரிச் கம்பெனியில.

சரி, குழாய் ஆச்சு. மரைக்கு வருவோம்.

ஒரு காலத்துல ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை. இந்தப் பட்டறை ஆணி அந்தப் பட்டறை நட்டுல ஏறாது. 1841-ல் ஜோசப் விட்வொர்த் பல பட்டறைகள்லேர்ந்து ஆணிகளைச் சேர்த்து அளந்து, சராசரி மாதிரி ஒண்ணை எடுத்து, 'எல்லோரும் இதையே வெட்டுங்கப்பா'ன்னு முன்வெச்சார். மரையின் கோணம் 55 டிகிரி. பிரிட்டிஷ் குழாய் மரை அந்த வழியில வந்ததுதான். வெள்ளைக்காரன் போனான், மரை போகலை. இன்னிக்கு நம்ம வீட்டுச் சுவத்துல இருக்கிற குழாய் மரையும் அதே 55 டிகிரிதான்.

அதுல ஒரு வேடிக்கை. 'அரை இஞ்சு பைப்'னு கேட்டு வாங்குறோமே, அதோட மரையை ஸ்கேல் வெச்சு அளந்து பாருங்க. குறுக்களவு கிட்டத்தட்ட 21 மில்லிமீட்டர் வரும். அரை இஞ்சுன்னா 12.7 தானே? அந்த அரை இஞ்சு பழைய இரும்புக் குழாயின் உள்விட்டம். இரும்பு போய் பிளாஸ்டிக் வந்தாச்சு, பேர் மட்டும் நின்னுபோச்சு. அதே மாதிரி 'முக்கால் இஞ்சு' மரை 26.4 மி.மீ. கடைக்குப் போறப்ப இந்த ரெண்டு எண்ணையும் மனசுல வெச்சுக்குங்க. பாதி அலைச்சல் குறையும்.

பிரிட்டனுக்கு விட்வொர்த். அமெரிக்காவுக்கு? அங்கே ஒவ்வொரு ஊரும் தன் இஷ்டத்துக்கு ஒரு மரை வெச்சிருந்தது. 1904 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை. பால்டிமோர் கடைவீதியில ஒரு கிடங்குல தீ. காத்து வேற. உள்ளூர் படையால முடியலைன்னு அக்கம்பக்கத்து ஊர்களுக்குத் தந்தி போச்சு. வாஷிங்டன்லேர்ந்து எந்திரங்களை ரயிலேத்திக் கொண்டுவந்தாங்க. பிலடெல்பியா, நியூயார்க்லேர்ந்தும் ஆளுங்க வந்தாங்க. ஆளு இருக்கு, எந்திரம் இருக்கு, குழாய் இருக்கு, தெருவுல தண்ணியும் இருக்கு. ஆனா அவங்க கொண்டுவந்த ஓஸ் பைப்ல பல, பால்டிமோர் தெருக்குழாய்ல மாட்டலை. மரை வேற! தீ ரெண்டு நாள் எரிஞ்சுது. 1500-க்கும் மேல கட்டடங்கள் போச்சு.

மரை மட்டுமே காரணம்னு சொன்னா அது மிகை. ஆனா உதவிக்கு ஓடிவந்தவன், கையில குழாயோட வேடிக்கை பார்க்க நேர்ந்தது மரையாலதான். அப்புறம் நாடு முழுக்க எடுத்த கணக்குல 600-க்கும் அதிகமான வகை இணைப்புகள் அகப்பட்டது. 1905-ல் தீத்தடுப்புச் சங்கம் ஒரே அளவை அறிவிச்சது. 'அப்பாடா'ன்னு பெருமூச்சு விடாதீங்க. பால்டிமோர் தீக்கு நூறு வருஷம் கழிச்சுப் பார்த்தப்பவும் 48 பெரிய நகரங்கள்ல 18-ல்தான் அந்தப் பொது அளவு இருந்தது. ஏற்கனவே தெருவெல்லாம் நட்டுவெச்ச குழாயை எவன் மாத்துவான்? குழாயடிச் சண்டை நம்ம ஊருக்கு மட்டும் சொந்தமில்லை.

அமெரிக்கத் தோட்ட ஓஸ் பைப் மரையும் அந்த ஓஸ் மரைக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இஞ்சுக்கு 11½ சுற்று, குறுக்களவு 27 மி.மீ. நம்ம முக்கால் இஞ்சு மரை இஞ்சுக்கு 14 சுற்று. அதனால அமெரிக்காவிலிருந்து வர்ற சொந்தக்காரங்க ஆசையா வாங்கிட்டு வர்ற பித்தளைப் பீச்சி நம்ம குழாய்ல லேசா ஏறும், ரெண்டு சுத்துல சிக்கிக்கும். முறுக்கினா மரை போயிடும். அவங்க மேல தப்பில்லை, சரித்திரத்து மேல.

இனி வீட்டுக்குள்ள. உங்க குழாய் எந்த வகைன்னு முதல்ல பாருங்க.

வாஷிங் மெஷினுக்குன்னு வெச்ச குழாயா? யோகம்தான். அதுல வெளிப்பக்கம் முக்கால் இஞ்சு மரை இருக்கும். அதே அளவு இணைப்பை வாங்கித் திருகினா முடிஞ்சது. சமையலறையில நுனியில சல்லடை வெச்ச நவீனக் குழாயா? சல்லடையைக் கழட்டினா உள்ள மெல்லிசு மரை தெரியும். பெரும்பாலும் எம் 22 அல்லது எம் 24. குழாய்ல மரை உள்பக்கம் இருந்தா 24, வெளிப்பக்கம் இருந்தா 22. கழட்டின சல்லடையையே கடைக்குக் கொண்டு போய்க் காட்டி அடாப்டர் கேளுங்க. வாயே வழவழன்னு மரை இல்லாத குழாயா? ரப்பர் வாய் வெச்சு, கிளிப்பால இறுக்குற அடாப்டர்தான் கதி. திருகி இறுக்குற கிளிப்பை 1921-ல் கொடுத்தவர் லம்லி ராபின்சன்னு ஒரு பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. கயிறு கட்டுற வேலைக்கு முடிவு கட்டினவர்.

தண்ணியைத் தடுக்கிறது மரை இல்லை, உள்ளே இருக்கிற தட்டை வாஷர். ஒழுகினா டெஃப்லான் டேப்பை அரை உருண்டை சுத்தாதீங்க, வாஷரை மாத்துங்க. டியூப்ல, நடுவுல வலை மாதிரி நூல் தெரியுற வகையா வாங்குங்க. மடங்கி அடைச்சுக்காது. மேல்மாடியில இருக்கிறவங்க முக்கால் இஞ்சு எடுக்கறது நல்லது. தண்ணி பத்து மீட்டர் உயரத்துல இருந்தாத்தான் ஒரு பார் அழுத்தம். தொட்டி தலைக்கு மேல மூணு மீட்டர்ல இருந்தா 0.3 பார்தான். முக்கால் இஞ்சு டியூபின் வாய் அரை இஞ்சைவிட ரெண்டேகால் மடங்கு அகலம். இருக்கிற கொஞ்ச அழுத்தம் வழியில வீணாகாது. ஒண்ணு முக்கியம்: வீட்டுக் குழாயைத் திறந்துவெச்சுட்டு, டியூப் நுனியில துப்பாக்கி மாதிரி இருக்கிற பீச்சியை மூடி வைக்காதீங்க. முழு அழுத்தமும் அடாப்டர் மேல விழும். தோட்டத்துல பிச்சுக்கிட்டா புல் நனையும், சமையலறையில பிச்சுக்கிட்டா கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

'கிளிக்'னு மாட்டிக் கழட்டுற பிளாஸ்டிக் இணைப்பு 1968-ல் ஜெர்மனியின் கார்டெனா கம்பெனி கொண்டுவந்தது. மரையைத் தினமும் திருகாம, ஒரு தடவை திருகிட்டு விட்டுடலாம். இப்ப எல்லா ஊர்லயும் அதே மாதிரி கிடைக்குது.

கடைசியா ஒரு எச்சரிக்கை. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதுக்காகத்தான். குழாயின் வாய்க்கும் கீழே இருக்கிற பாத்திரத்துக்கும் நடுவுல ஒரு சாண் காத்து இருக்குது பாருங்க, அதுதான் நாம குடிக்கிற தண்ணிக்குக் காவல். டியூபை மாட்டி நுனியை உரம் கலந்த பக்கெட்டுக்குள்ள முக்கின நிமிஷம் அந்தக் காவல் போச்சு. அந்த நேரம் பார்த்து மேல தொட்டி காலியாகி, கீழ்வீட்டுல யாராவது குழாயைத் திறந்தா, பக்கெட் தண்ணி பின்னோக்கி உறிஞ்சப்பட்டு வீட்டுக் குழாய்க்குள்ள ஏறலாம். கற்பனை இல்லை. 1933-ல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தப்ப, ஹோட்டல் குழாய்கள்ல கழிவுத் தண்ணி நல்ல தண்ணியோட கலந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்களுக்குச் சீதபேதி வந்தது. நூறு பேர் வரைக்கும் இறந்தாங்க. அங்கே காரணம் கட்டடத்துக் குழாய் அமைப்பு, தோட்ட டியூப் இல்லை. ஆனா சூத்திரம் ஒண்ணுதான். இங்கிலாந்துல 1999 விதிகளின்படி, தோட்ட ஓஸ் மாட்டுற குழாய்ல தண்ணி திரும்பாம தடுக்கிற இரட்டை வால்வு வேணும். நாம குறைஞ்சபட்சம் நுனியை பக்கெட் விளிம்புக்கு மேலயே பிடிப்போம். வேலை முடிஞ்சதும் டியூபைக் கழட்டிடுவோம். அந்த டியூப்ல வர்ற தண்ணியைக் குடிக்கவும் வேண்டாம்.

புத்தி பேதலிச்சவனை 'மரை கழண்டவன்'னு சொல்ற ஊர் நம்மளது. மரை சேராததால ஒரு ஊரே எரிஞ்ச கதையைப் படிச்சதிலிருந்து எனக்கு அந்த வசவு கொஞ்சம் வேற மாதிரி கேட்குது. ஒரு முனை இன்னொரு முனையோட சேரணும்னா ரெண்டு பேரும் முன்கூட்டியே பேசி வெச்சிருக்கணும். தீ பிடிச்ச பிறகு பேச நேரம் இருக்காது.

உங்க ஊர்ல இந்த டியூபுக்கு என்ன பேர்? ஓஸ் பைப்பா, ரப்பர் குழாயா, வேற ஏதாவதா? சொல்லிட்டுப் போங்க.