ஸ்ரியரிங்கில் முளைத்த துடுப்பு

பழைய றேஞ்ச் ரோவர் வாங்கி, அதற்குத் துடுப்புப் பூட்டுகிற ஆசை இப்போது எங்கட பெடியள் மத்தியிலும் வந்திருக்கிறது. "பாடில் ஷிஃப்ரர்" என்கிற சாமானைத்தான் துடுப்பு என்கிறேன். ஸ்ரியரிங் வளையத்துக்குப் பின்னால் இரண்டு காது மாதிரி நிற்கும். வலக்காதை இழுத்தால் கியர் கூடும், இடக்காதை இழுத்தால் குறையும். கார்க் கொம்பனி போடாமல் விட்டதை வெளியில் வாங்கிப் பூட்டுகிறார்கள். பூட்டலாமா வேண்டாமா என்று கதைக்க முதல், இது எங்கேயிருந்து வந்தது என்று பார்ப்போம்.

ஸ்ரியரிங்கை விட்டுக் கை எடுக்காமல் கியர் மாற்றுகிற எண்ணம் புதியதில்லை. 1920களின் கடைசியில் வோல்ரர் கோர்டன் வில்சன் என்பவர் இங்கிலாந்தில் ஒரு கியர்ப்பெட்டியை உருவாக்கினார். முதலாம் உலகப்போரில் பிரிட்டனின் முதல் டாங்கிகளை வடிவமைத்தவர்களில் ஒருவர் அவர். அவருடைய பெட்டியில், ஸ்ரியரிங்குக்குக் கீழே இருக்கும் சின்னக் கம்பியால் அடுத்த கியரை முன்கூட்டியே தெரிவு செய்து வைக்கலாம். இடது காலால் மிதியை அமத்தினால்தான் கியர் மாறும். லண்டனின் பழைய சிவப்பு "ஆர்ரி" வகை இரட்டைத்தட்டு பஸ்களில் இருந்தது இந்த ஏற்பாடுதான். 1958இல் இலங்கைப் போக்குவரத்துச் சபை தொடங்கிய பிறகு, லண்டன் கழித்துவிட்ட இரட்டைத்தட்டு பஸ்கள் ஏராளமாக எங்கட நாட்டுக்கும் வந்தன. கொழும்பில் அவற்றில் ஏறித் திரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இதற்கிடையில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ் 1940 மொடல் ஓல்ட்ஸ்மொபைலில் "ஹைட்ராமற்றிக்" பெட்டியைக் கொண்டுவந்தது. சாரதிக்கு கிளச்சும் இல்லை, கியர் மாற்றுகிற வேலையும் இல்லை. கையிடமிருந்து அதிகாரம் எண்ணெய்க்கும் வால்வுகளுக்கும் போனது. போர்ட் கொம்பனி 1958 எட்செல் காரில் ஸ்ரியரிங்கின் நடுவிலேயே கியர்ப் பொத்தான்களை வைத்தது. ஹோர்ன் இருக்க வேண்டிய இடம் அது. அவசரத்தில் ஹோர்ன் என்று நினைத்துக் கியரை அமத்தியவர்கள் உண்டு. அடுத்த வருட மொடலில் அந்தப் பொத்தான்கள் இல்லை.

இன்றைய துடுப்பு பிறந்தது காரோட்டப் பந்தயத்தில். பெராரிக்கு வேலை செய்த ஆங்கிலேயர் ஜோன் பார்னார்ட், கில்ட்ஃபோர்டில் இருந்தபடி 640 என்ற போர்முலா 1 காரை வடிவமைத்தார். காற்றுக்கு வசதியாக காரின் உடலை ஒடுக்க வேண்டும். ஆனால் கியர்க் கம்பியும், அதைப் பிடிக்கும் கையும், பின்னுக்குப் போகும் தண்டும் இடத்தைப் பிடித்தன. அவர் கம்பியையே எடுத்துவிட்டார். துடுப்பை இழுத்தால் மின்சமிக்ஞை போகும், ஹைட்ரோலிக் அழுத்தம் கியரை மாற்றும். பரிசோதனைகளில் கார் அடிக்கடி இடையில் நின்றது. 1989 மார்ச் 26 அன்று பிரேசிலில் நடந்த முதல் போட்டியை ஓடி முடிக்கும் என்று நம்பியவர்கள் குறைவு. நைஜல் மான்செல் அதிலேயே வென்றார். அதுவும் நடுவில் ஸ்ரியரிங் வளையத்தையே கழற்றி மாற்றிக்கொண்டு! 1995க்குப் பிறகு கைக்கம்பியோடு ஒரு போர்முலா 1 காரும் ஓடவில்லை. தெருவில் ஓடும் பெராரிக்கு அது 1997இல் 355 மொடலில் வந்தது.

இங்கே ஒரு விசயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பெராரியில் இருந்தது சாதாரண பற்சக்கரப் பெட்டியும் கிளச்சும். துடுப்பு அதற்குக் கட்டளை போட்டது. எங்கட ஒட்டோமற்றிக் கார்களில் இருப்பது வேறு. போர்ஷே 1990 மொடல் 911இல் "ரிப்ரொனிக்" என்று கொண்டுவந்ததுதான் இதற்கு முன்னோடி. பெட்டி ஒட்டோமற்றிக்தான். கம்பியைப் பக்கமாகத் தள்ளி முன்னுக்கும் பின்னுக்கும் தட்டி, விரும்பிய கியரைக் கேட்கலாம். கேட்கலாம் என்பதுதான் சரியான சொல். கொடுப்பதா இல்லையா என்று முடிவெடுப்பது கணினி.

இனி றேஞ்ச் ரோவர். 1970இல் வந்தபோது அது நாலு கியர்க் கைக்கம்பி வண்டி. வெளி வேலைத்தலங்கள்தான் முதலில் அதற்கு ஒட்டோமற்றிக் பூட்டிக் கொடுத்தன. கொம்பனி தானே போட்டது 1982இல், கிரைஸ்லரின் மூன்று கியர்ப் பெட்டியை. 1985இல் ஜேர்மனியின் இசெட்எஃப் நாலு கியர்ப் பெட்டி வந்தது. 1994இல் பீஎம்டபிள்யூ கைக்கும், 2000இல் போர்ட் கைக்கும் கொம்பனி மாறியது. அந்தக் கைமாற்றத்துக்கு நடுவில் உருவாகி 2002இல் விற்பனைக்கு வந்தது மூன்றாம் தலைமுறை. அதில் ஐந்து கியர், கம்பியைத் தட்டிக் கேட்கும் வசதி, ஆனால் துடுப்பு இல்லை. 2008இல் ராரா வாங்கிய பிறகு, 2010 வாக்கில்தான் தொழிற்சாலைத் துடுப்பு வந்து சேர்ந்தது. ஆக, கொம்பனி பிந்தியதை வெளியாட்கள் பூட்டுவது இந்த வண்டிக்குப் பழக்கமான கதைதான்.

எங்கட கிச்சினில் கோப்பை கழுவுகிற தம்பி ஒருவர் 2004 மொடல் ஒன்று வாங்கினார். புதுசில் முதலாளிமார் ஓடியது, பழசானதும் எங்கட கைக்கு எட்டுகிற விலைக்கு வந்துவிடும். துடுப்புப் பெட்டியோடு வந்து கேட்டார்.

"அண்ணை, நீங்கள் கம்பசில் படிச்சனீங்கள்தானே, பூட்டலாமோ?"

பேராதனையில் என்ர பொறியியல் படிப்பு இரண்டாம் வருசத்தோடு நின்றது. ஆனாலும் தெரிந்ததைச் சொன்னேன்.

வேலை சின்னதுதான். துடுப்புக்குள் இருப்பது ஒரு சின்ன சுவிச். கியர்க் கம்பியைத் தட்டும்போது போகிற அதே சமிக்ஞையை அதுவும் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். கஷ்டம் வேறு இடத்தில். ஸ்ரியரிங் சுற்றும், வயர் சுற்றாது. உள்ளே மணிக்கூட்டுச் சுருள் மாதிரி ஒரு நாடா இருக்கிறது. எயார்பாக்குக்கும் ஹோர்னுக்கும் மின்சாரம் போவது அதன் வழியாக. அதில் சும்மா இருக்கிற இணைப்பு வேண்டும். இல்லையென்றால் வயர் இல்லாத வகை, அல்லது வளையத்தோடு சுற்றாமல் தண்டில் நிற்கும் வகை. எயார்பாக்கைக் கழற்ற முதல் பற்றரியைக் கழற்றி, கைநூலில் சொன்ன நேரம் காத்திருக்க வேண்டும். மஞ்சள் இணைப்பில் மீற்றர் வைத்துப் பார்க்கவே கூடாது. வெடித்தால் முகம் போய்விடும். பூட்டியதும் காப்புறுதிக் கொம்பனிக்கும் அறிவிக்க வேண்டும்.

பூட்டினாலும் பெட்டி வேகமாகாது. எஞ்சின் தாங்காத கியரைக் கேட்டால் கணினி மறுக்கும். வேகம் விழுந்தால் தானாகவே கியரைக் குறைக்கும். இன்னொன்று, போர்முலா 1இல் ஸ்ரியரிங்கை அரைச்சுற்றுக்கு மேல் திருப்புவது அரிது. சேற்றிலும் கல்லிலும் ஓடுகிற வண்டியில் பல சுற்றுத் திருப்ப வேண்டும். அப்போது வலத்துடுப்பு இடத்தில் நிற்கும். உண்மையான பயன், நீண்ட இறக்கத்தில் கையை எடுக்காமல் மூன்றாம் கியரைப் பிடித்து, பிரேக்கைச் சூடாக்காமல் இறங்குவது.

தம்பி கேட்டுவிட்டுச் சொன்னார்: "பத்து மணித்தியாலம் ஆரோ சொல்லுறதைச் செய்யிறன் அண்ணை. காருக்குள்ளயாவது நான் சொல்லுறது நடக்கட்டுமே."

எனக்கு அது பகிடியாகப் படவில்லை. விண்ணப்பம் போட்டு, விரல்ரேகை கொடுத்து, பதிலுக்கு வருசக்கணக்காகக் காத்திருந்த எவருக்கும் அந்த ஆசை விளங்கும். ஆனால் கேட்பதற்கும் கிடைப்பதற்கும் நடுவில் ஒரு பெட்டி இருந்து யோசிக்கிறது என்பதும் எங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இப்படிப் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். "ஆயுளுக்கும் போதும்" என்று சொல்லி விற்ற கியர் எண்ணெயை நம்பி இருக்காதீர்கள். பெட்டியைச் செய்த இசெட்எஃப் கொம்பனியே 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் மாற்றச் சொல்கிறது. முதல் காசு அதற்கு. பெட்டி சுகமாக இருந்து, கையில் காசு மிஞ்சினால், எயார்பாக் வேலை தெரிந்த ஆளைக் கொண்டு துடுப்பைப் பூட்டுங்கள். பெட்டி பழுதான காருக்குத் துடுப்பு வெறும் காதுதான்.