மோட்டோடு பிறந்த வேலை

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மெய்ன் மாநிலக் கடலில், கிரேட் டக் என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. கோடை வந்தால் ஸ்டார்ம் பெட்ரல் என்னும் கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் அங்கே வந்து இறங்கும். மண்ணைக் குடைந்து வளை தோண்டி, ஜோடிக்கு ஒரே ஒரு முட்டை இடும். வளைக்குள் எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம், பறவை அடையில் இருக்கிறதா, இரை தேடப் போய்விட்டதா? இதையெல்லாம் தெரிந்துகொள்ள, தரையில் குப்புறப் படுத்து வளைக்குள் கையை விட்டுத் துழாவ வேண்டும். அடை தொடங்கிய முதல் இரண்டு வாரத்தில் அப்படிச் செய்தால் பறவை முட்டையை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடக்கூடும். நீர்க்காகங்கள் கூடு கட்டியிருக்கும் இடத்தில் மனிதர் கால் மணி நேரம் நடமாடினாலே அந்தப் பருவத்து முட்டையிலும் குஞ்சிலும் ஐந்தில் ஒரு பங்குவரை அழிந்துபோகலாம் என்றும் கணக்கு இருந்தது. பறவையைக் காப்பாற்றத்தான் ஆராய்ச்சி. அந்த ஆராய்ச்சியே பறவைக்கு எமனாகிவிடக் கூடாது.

2002 கோடையில் கைக்குப் பதிலாக வேறொன்று வளைக்குள் போனது. பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகமும், அதே ஊரில் இருந்த இன்டெல் ஆய்வகமும், தீவில் பறவைகளைக் கவனித்துவந்த காலேஜ் ஆஃப் தி அட்லாண்டிக்கும் சேர்ந்து 32 கருவிகளை அங்கே வைத்தன. சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற பேட்டரி இரண்டு, அதன் முதுகில் அதே அகலத்தில் ஒரு சர்க்யூட் போர்டு, வால்போல ஒரு ஆன்டெனா. அவ்வளவுதான் கருவி. சூடு, ஈரப்பதம், வெளிச்சம், காற்றழுத்தம் எல்லாவற்றையும் அளந்து ரேடியோவில் சொல்லும். தீவிலிருந்து செயற்கைக்கோள் வழியாக அந்தத் தகவல் இன்டர்நெட்டுக்கு வந்தது. அந்தக் கருவிக்கு மோட் என்று பெயர். வெயில் கற்றையில் மிதக்குமே தூசு, அதற்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர்.

தூசு என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வயரில்லாமல் சென்சாரை இறைத்துவிட்டு, தூரத்தில் உட்கார்ந்து கேட்கிற யோசனை போரில் பிறந்தது. வியட்நாம் போரின்போது ஹோ சி மின் பாதை நெடுகிலும் அமெரிக்க விமானங்கள் சத்தத்தையும் நில அதிர்வையும் உணரும் கருவிகளைப் போட்டுக்கொண்டே போயின. ஆன்டெனா காட்டுச் செடிபோல இருக்கும். லாரி போனால் சிக்னல் கிளம்பும். மேலே வட்டமிடும் விமானம் அதை வாங்கித் தாய்லாந்தின் நக்கோன் பனோம் தளத்திலிருந்த கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அங்கிருந்து குண்டு வீச உத்தரவு போகும். அதன்பின் 1990-களின் கடைசியில், பெர்க்லி பேராசிரியர் கிரிஸ் பிஸ்டர், அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி முகமையான டார்பாவின் பணத்தில் ஒரு கனவைத் தொடங்கினார். சென்சார், மூளை, ரேடியோ, பேட்டரி எல்லாம் ஒரு கன மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். அதற்கு அவர் வைத்த பெயர் ஸ்மார்ட் டஸ்ட். கடுகைவிடச் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர்!

அந்த அளவை எட்டும்வரை மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. கடையில் கிடைக்கிற சிப்புகளை வைத்தே பெரிய தூசு ஒன்றைச் செய்துபார்த்தார்கள். அதுதான் மோட். 2001 மார்ச்சில் கலிஃபோர்னியாப் பாலைவனத்தில், ட்வென்டினைன் பாம்ஸ் என்ற ராணுவத் தளத்தில், ஆளில்லாச் சிறு விமானத்திலிருந்து மோட்டுகளைச் சாலையோரம் போட்டார்கள். விழுந்தவை தாமாகவே ஒன்றோடொன்று பேசி, நேரத்தைச் சரிபார்த்துக்கொண்டு, அந்த வழியே போன வண்டிகளின் வேகத்தைக் கணித்துச் சொல்லின. அடுத்த ஆண்டே அதே குடும்பத்து மோட் பறவையின் வளைக்குள் இருந்தது. லாரியைக் கொல்லப் பிறந்த யோசனை முட்டையைக் காக்க வந்து சேர்ந்த அந்த ஒரு வருடத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் நிறைகிறது.

கருவி சரி. அதற்குள் ஓடுவதற்கு என்ன இருந்தது? ஆரம்ப கால மோட்டின் நினைவகம் 512 பைட். பெர்க்லியில் டேவிட் கல்லரின் குழுவில், ஜேசன் ஹில் என்ற ஆராய்ச்சி மாணவர் அதற்கென டைனிஓஎஸ் என்று ஓர் இயங்குதளம் எழுதினார். 2000-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின்படி அதன் மையப் பகுதி எடுத்துக்கொண்ட இடம் 178 பைட். கம்ப்யூட்டரில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் ஆகும். நீங்கள் படித்துக்கொண்டிருக்கிற இந்த ஒரு வாக்கியம்கூட அந்த இடத்துக்குள் முழுதாக அடங்காது.

டைனிஓஎஸ்ஸின் ஆதார நிரலை அவர்கள் பூட்டி வைக்கவில்லை. போர்டின் வரைபடத்தையும் திறந்து கொடுத்தார்கள். கிராஸ்போ என்ற நிறுவனம் மோட்டைச் செய்து விற்றது. உலகத்தில் எந்தக் கல்லூரி ஆய்வகமும் ஒரு பெட்டி மோட் வாங்கினால் மறுநாளே ஆராய்ச்சி தொடங்கலாம் என்றானது. வயர்லெஸ் சென்சார் நெட்வொர்க் என்ற பெயரில் ஆய்வு உதவித்தொகை, புராஜெக்ட் வேலை, பிஎச்.டி. இடம் என்று உலகெங்கும் கதவு திறந்தது இந்தத் தாராளத்தால்தான் என்பது என் உறுதியான எண்ணம். நான் புராஜெக்ட் அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்ததும் அப்படித் திறந்த கதவு ஒன்றின் வழியாகத்தான்.

அந்தக் கதவுக்குப் பின்னால் காத்திருந்தது ஒரு கணக்கு. கிரேட் டக் குழு போட்ட கணக்கையே சொல்கிறேன். இரண்டு பேட்டரியிலும் சேர்த்து 2200 எம்ஏஎச் என்று வைத்துக்கொண்டார்கள். ஒன்பது மாதம் ஓட வேண்டும். அப்படியென்றால் ஒரு மோட் ஒரு நாளைக்குச் செலவு செய்யக்கூடியது 8.148 எம்ஏஎச். ரேடியோ எதுவுமே பேசாமல், யாராவது கூப்பிடுவார்களா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு மில்லிசெகண்டுக்கு 1.25 நானோ ஆம்பியர்-மணி ஆகும். கேட்டால் ஒன்றுமே இல்லாததுபோல இருக்கிறதல்லவா? ஒரு நாளுக்குப் பெருக்கிப் பாருங்கள்: 108 எம்ஏஎச். கொடுத்த படியைப்போல பதின்மூன்று மடங்கு. அளப்பதெல்லாம் கொஞ்சம், அனுப்புவதெல்லாம் கொஞ்சம். வெறுமனே விழித்திருப்பதுதான் பேட்டரியைத் தின்கிறது. விழித்தே இருந்தால் இருபது நாளில் மோட் செத்துப்போகும்.

அதனால் மோட் தூங்கியாக வேண்டும். எல்லாம் தூங்கினால் யார் யாரிடம் சொல்வது? இரண்டு மோட் ஒரே நேரத்தில் விழித்தால்தான் பேச்சு. ஒன்றின் கடிகாரம் இன்னொன்றைவிடக் கொஞ்சம் பிந்தினால் போச்சு. இந்த ஒரு முடிச்சை அவிழ்ப்பதில்தான் ஒரு தலைமுறை ஆராய்ச்சியாளர்களுக்கு வேலை கிடைத்தது என்று சொன்னால் மிகையில்லை. எஸ்-மேக், பி-மேக் என்று எத்தனையோ முறைகள். எம்.ஐ.டி.யில் வென்டி ஹைன்ஸல்மன், சென்னையில் பிறந்த அனந்த சந்திரகாசன், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஹரி பாலகிருஷ்ணன் மூவரும் 2000-இல் லீச் என்ற முறையைத் தந்தார்கள். பக்கத்துப் பக்கத்து மோட்டுகள் ஒரு குழுவாகச் சேரும். ஒன்று தலைமை ஏற்று மற்றவற்றின் செய்தியைத் திரட்டித் தொலைவுக்கு அனுப்பும். தலைமைக்குத்தான் செலவு அதிகம், ஆகவே தலைமை முறை வைத்து மாறும். ஏரி மடையில் ஆளுக்கு இத்தனை நாழிகை என்று முறை வைத்துத் தண்ணீர் கட்டுகிற ஊரில் வளர்ந்தவனுக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை.

லீச் நம் பொறியியல் கல்லூரிகளில் பிடித்துக்கொண்டதுபோல வேறெதுவும் பிடிக்கவில்லை. எம்.இ. ஆய்வேடு என்றால் லீச்சில் ஒரு சின்னத் திருத்தம், என்எஸ்-2 மென்பொருளில் நூறு புள்ளிகளை இறைத்து ஒரு சிமுலேஷன், முடிவில் கோடு மேலே போகிற வரைபடம். அதில் உழைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு மோட் வாங்கப் பணமில்லாத கல்லூரியில் அவர்களுக்கு வேறு வழி இல்லை. ஆனால் சிமுலேஷனில் மழை பெய்வதில்லை. எறும்பு பெட்டிக்குள் குடியேறுவதில்லை.

எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு தென்னந்தோப்பு. மண் ஈரம் அளக்கப் பன்னிரண்டு மோட் வைத்தோம். பேசுகிறபோது சிவப்பும் பச்சையுமாகக் கண் சிமிட்டும். அதைப் பார்த்துக்கொண்டே தோப்பில் உட்கார்ந்திருப்பேன். வெயில் நாளில் அத்தனையும் பேசின. ஒரு மாலை நல்ல மழை. மறுநாள் காலையில் ஐந்துதான் பதில் சொன்னது. ஏழும் கெட்டுவிட்டது என்று போர்டைக் கழற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தால் எல்லாம் நன்றாகவே இருந்தன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் விழுங்கும். நனைந்த ஊடுபயிர் இலைகளே நடுவில் சுவராக நின்றிருக்கின்றன. ஆன்டெனாவை இரண்டடி உயர்த்திக் கட்டியதும் பேச்சு திரும்பிவந்தது. எங்களுக்கு முன்பே கிரேட் டக் குழுவும் இப்படித்தான் பாடம் படித்தது. பத்து மைக்ரான் தடிமனில் பூச்சு பூசியும் ஈரம் உள்ளே போனது. நான்கு மாதத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அளவீடுகள் வந்தன. அவற்றை ஆராய்ந்தபோது, சென்சார் சொல்லும் எண்கள் தாறுமாறாகும் விதத்தை வைத்தே எந்த மோட் சாகப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்ல முடிந்தது.

இந்தத் துறை எதற்காக என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது மூணாறு அந்தோணியார் காலனியை. 2005-இல் நிலச்சரிவு கண்ட இடம். அமிர்தா பல்கலைக்கழகத்தின் மனீஷா சுதீர் குழு அங்கே மலைச்சரிவில் ஆழமாகத் துளை போட்டு, குழாய்க்குள் சென்சார்களை இறக்கியது. மழை இறங்க இறங்க மண் துகள்களுக்கு நடுவே நீரின் அழுத்தம் ஏறும். ஓர் எல்லை தாண்டினால் மண் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் பிடி விட்டுப்போகும். அந்த அழுத்தத்தை அளந்து மேலே அனுப்பியது மைக்காஇசட் என்ற மோட், அதாவது பறவை வளைக்குள் இருந்ததன் அடுத்த தலைமுறை. வெயில் காலத்தில் அது அதிக நேரம் தூங்கும். மழை வலுக்க வலுக்க அடிக்கடி விழித்து அளக்கும். 2009 ஜூலை மழையில் அங்கிருந்து எச்சரிக்கை வந்தது.

அதே மூணாறு மலையில் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு, தேயிலைத் தோட்ட லயங்களின் மேல் மலை சரிந்து 70 பேர் போனார்கள். பெரும்பாலும் நம் தென்மாவட்டங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து கிள்ளப் போன குடும்பங்கள். அந்தோணியார் காலனி மண்ணுக்குள் இருந்தது போன்ற கருவி பெட்டிமுடி மண்ணுக்குள் இல்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் அப்படிக் கருவி இல்லாத சரிவு எத்தனை! வேலைவாய்ப்பு எங்கே என்று கேட்கும் பிள்ளைகளிடம் நான் முதலில் இதைச் சொல்வேன்.

இன்றைக்கு அறிவிப்புகளில் வயர்லெஸ் சென்சார் நெட்வொர்க் என்ற பெயர் அவ்வளவாக வராது. எம்பெடட் ஃபர்ம்வேர், ஐஓடி, லோரா, ப்ளூடூத் லோ எனர்ஜி, ஸ்மார்ட் மீட்டர் என்று வேறு வேறு பெயரில் வரும். இந்தியா முழுக்க 25 கோடி ஸ்மார்ட் மீட்டர் என்பது அரசின் இலக்கு. அவற்றில் பல பக்கத்து வீட்டு மீட்டரின் வழியாகச் செய்தியைக் கடத்தி அனுப்புகிறவை, மோட் செய்த அதே வேலை. ஆராய்ச்சி பக்கம் போகிறவர்களுக்கு ஐ.ஐ.டி.களிலும், சி-டாக்கிலும், தரமணியில் பாலங்களின் அதிர்வை அளக்கிற சிஎஸ்ஐஆர்-எஸ்இஆர்சி போன்ற இடங்களிலும் ஜேஆர்எஃப், புராஜெக்ட் அசோசியேட் இடங்கள் அவ்வப்போது வருகின்றன. கேட், நெட் தேர்ச்சி பெற்றவர்களுக்கு ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023-லிருந்து மாதம் 37,000 ரூபாய். சி மொழி கை வர வேண்டும். சாலிடரிங் கோலைப் பிடித்துச் சூடு பட்டிருக்க வேண்டும். டேட்டாஷீட்டை நாவல்போலப் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

சில மாதம் முன்பு ஒரு பையன் வேலை கேட்டு வந்தான். ஆய்வேடு லீச்தான், சிமுலேஷன்தான். ஒரு போர்டும் இரண்டு பேட்டரியும் ஒரு மல்டிமீட்டரும் கொடுத்து, "தம்பி, இது தூங்குறப்ப எவ்வளவு கரண்ட் குடிக்குதுன்னு பார்த்துச் சொல்லு" என்றேன். 1.1 மில்லிஆம்ப் என்று சொன்னான். தூங்குகிற போர்டு அவ்வளவு குடித்தால் மூன்று மாதம்கூடத் தாங்காது. ஏன் என்று நான் சொல்லவில்லை. முதல் நாள் முழுக்க ப்ரோகிராமைப் பார்த்தான். இரண்டாம் நாள் சிப்பின் டேட்டாஷீட்டை அச்செடுத்துப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். மதியம் சாப்பிடக்கூடப் போகவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் கிளம்பும் நேரத்தில் என் மேசைக்கு வந்தான். எதிலும் சேராமல் அந்தரத்தில் விட்டிருந்த மூன்று பின்களைத் தரையோடு கட்டியிருக்கிறான், தூங்கப் போகுமுன் சென்சாருக்குப் போகிற மின்சாரத்தையும் நிறுத்தியிருக்கிறான். மீட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினான்.

"பன்னெண்டு மைக்ரோஆம்ப், சார்."