ஜன்னல் எங்கே போச்சு?

1996-ல் நடந்தது. கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு ஆபீஸ். பெயர் வேண்டாம். அங்கே கணக்குப் பிரிவுக்கு விஷுவல் பேசிக்கில் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். ஹெட் கிளார்க் சாருக்கு ஓய்வு பெற ஏழு மாதம் பாக்கி. ஒரு நாள் ராத்திரி எட்டரை மணிக்கு ஒண்ணாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

“தம்பி, லெட்ஜர் மொத்தமும் போயிடுச்சு. மேலே ஓரத்திலே ஒரு சின்ன அம்புக்குறி இருந்தது, அதைத்தான் தொட்டேன்.”

மறுநாள் போய்ப் பார்த்தேன். எதுவும் போகவில்லை. அது விண்டோஸ் 3.1 காலம். கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினால் ஜன்னல் கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்து, திரையின் அடியில் ஒரு குட்டிப் படமாக உட்கார்ந்துகொள்ளும். புரோகிராம் மானேஜர் பெரிதாகத் திறந்திருந்தால் அந்தப் படமும் கண்ணில் படாது. நான் எல்லார் முன்னாலும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “ராத்திரி பூரா தூங்கலை தம்பி” என்றார்.

தப்பு அவருடையது இல்லை என்று புரியவே எனக்குச் சில நாள் ஆயிற்று. ஒரு பொருள் இங்கிருந்து அங்கே போவதைக் கண் பார்த்தால்தான் மனசு நம்பும். நம்பெருமாள் புறப்பாட்டில் சிம்ம கதி, சர்ப்ப கதி என்று ஸ்ரீபாதம் தாங்கிகள் நடை போட்டு எழுந்தருளப் பண்ணுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்!

ஆப்பிள் கம்பெனிக்கு இது 1984-லேயே தெரிந்திருந்தது. மெக்கின்டோஷில் ஒரு ஃபோல்டரைத் திறந்தால், அதன் படத்திலிருந்து வெறும் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்து போய் ஜன்னலில் முடியும். ஏன் வெறும் சட்டம்? அந்த மெஷினின் நினைவகம் 128 கிலோபைட், வேகம் சுமார் 8 மெகாஹெர்ட்ஸ். முழு ஜன்னலையும் நொடிக்குப் பல தடவை வரைய அதற்குத் தெம்பு கிடையாது. கோட்டின் கீழே உள்ள புள்ளிகளைக் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாற்றினால் சட்டம் தெரியும். அதே கோட்டை மறுபடி வரைந்தால் பழைய படம் அப்படியே திரும்பிவிடும். அழிக்கிற வேலையே இல்லை. 1993-ல் சாங், உங்கர் என்ற இருவர், கார்ட்டூன் படக்காரர்களின் உத்திகளைக் கம்ப்யூட்டர் திரைக்குக் கொண்டுவருவது பற்றி ஒரு கட்டுரையே எழுதினார்கள்.

நானும் முயன்றேன். பட்டனை அழுத்தினால் லெட்ஜர் பக்கம் அதிலிருந்தே விரிய வேண்டும், மூடினால் அங்கேயே சுருங்க வேண்டும். ஒரு லூப் போட்டு அகலத்தையும் உயரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். ஒவ்வொரு அடிக்கும் உள்ளே இருந்த கட்டங்கள் எல்லாம் இடம் மாறி மறுபடி வரையப்பட, திரை பழைய ட்யூப்லைட் மாதிரி சிமிட்டியது. 486 மெஷினில் விரிந்து முடிப்பதற்குள் ஒரு வாய் காபி குடித்துவிடலாம். புதிதாக வந்த பென்டியத்திலோ விரிந்ததே தெரியவில்லை. அடிகளை எண்ணாமல் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், அதாவது எவ்வளவு நேரம் ஆயிற்றோ அதற்குத் தக்க அளவு என்று கணக்கிட வேண்டும் என்பது அப்புறம்தான் உறைத்தது.

இன்னொரு கூத்து. ஜன்னல் அளவு மாறும்போதெல்லாம், ஜன்னல் அகலத்தில் ஓரத்தைக் கழித்துக் கட்டத்தின் அகலத்தை வைப்பேன். ஜன்னல் சுருங்கி உட்காரும்போது அந்தக் கணக்கு மைனஸில் போய், பிழை எண் 380 காட்டி புரோகிராமே நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் விஷுவல் பேசிக் எழுதியவர்கள் யாருக்கும் 380 மறந்திருக்காது. ‘சுருங்கிய நிலையா, அப்படியானால் ஒன்றும் செய்யாதே’ என்று ஒரு வரி போட்டால் தீர்ந்தது. கடைசியில் மெக்கின்டோஷ் வழிக்கே வந்தேன். சட்டம் மட்டும் கால் நொடியில் விரியும், உண்மையான ஜன்னல் ஒரே தடவை திறக்கும். சட்டம் வேகமாகக் கிளம்பி, ஸ்டேஷனுக்குள் நுழைகிற ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸ் மாதிரி நிதானமாக நிற்கும்படி செய்தபோதுதான் எனக்கே திருப்தி வந்தது.

2000 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜாப்ஸ், ஜன்னல் பூதம் போல நெளிந்து கீழே உறிஞ்சப்படுவதைக் காட்டினார். ஒவ்வொரு ஜன்னலையும் தனிப் படமாக நினைவகத்தில் வைத்துக்கொண்டதால் அது முடிந்தது. 2007-ல் வந்த விஸ்டாவும் அதே வழிதான். படத்தைச் சுருக்குவது சுலபம். ஆனால் ஜன்னலின் ஓரத்தைப் பிடித்து இழுக்கும்போது உள்ளே இருப்பதை உடனுக்குடன் புதிதாக அடுக்க வேண்டும். அது இன்றைக்கும் பல புரோகிராம்களில் சட்டத்துக்குப் பின்னால் ஓட்டமும் நடையுமாகத்தான் வருகிறது.

ஹெட் கிளார்க் சார் ஓய்வு பெறுவதற்கு இரண்டு மாதம் முன்னால் அந்த ஆபீஸுக்கு விண்டோஸ் 95 வந்தது. அதில் ஜன்னலைச் சுருக்கினால் தலைப்புப் பட்டை மட்டும் சறுக்கிக்கொண்டு கீழே உள்ள டாஸ்க்பாரில் போய்ச் சேரும். அவர் நாலைந்து தடவை சுருக்கிச் சுருக்கித் திறந்து பார்த்தார்.

“இப்ப எங்கே போகுதுன்னு தெரியுது தம்பி” என்றார்.

அன்றைக்குச் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் லெட்ஜரைத் திறந்து அன்றைய வரவை ஏற்ற ஆரம்பித்துவிட்டார்.