மாரடைப்பு: காத்திருந்த காலமும் கதவைத் திறந்த காலமும்

1955 செப்டம்பர் 24. டென்வர் நகரில் தங்கியிருந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு அதிகாலையில் நெஞ்சுவலி. முதலில் வெளியே சொல்லப்பட்டது அஜீரணம் என்று. மதியம் ஈ.சி.ஜி. எடுத்த பிறகுதான் மாரடைப்பு என்று உறுதியானது. வல்லரசின் தலைவருக்கு அன்று கிடைத்த சிகிச்சை என்ன தெரியுமா? வலிக்கு மார்ஃபின், ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின், ஆக்சிஜன், படுக்கை. சுமார் ஏழு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். அடைத்துக்கொண்ட ரத்தக்குழாயை யாரும் தொடவில்லை. தொடுவதற்கு வழியும் இல்லை.

1960களில் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் வந்தன. இதயத்துடிப்பு தாறுமாறாகி இறப்பவர்களை மின் அதிர்ச்சி கொடுத்துக் காப்பாற்ற முடிந்தது. 1967-ல் ஃபவலோரோ காலிலிருந்து எடுத்த ரத்தநாளத்தை வைத்து பைபாஸ் செய்தார். 1977-ல் சூரிச்சில் குருன்ட்சிக் என்ற மருத்துவர் இதயத் தமனிக்குள் பலூனை விரித்து அடைப்பை நீக்கினார். ஆனால் மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே குழாய்க்குள் கைவைக்கப் பெரும்பாலான டாக்டர்கள் பயந்தார்கள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. இறந்தவர்களின் தமனியில் ரத்தக்கட்டி காணப்பட்டது உண்மைதான். ஆனால் மாரடைப்புக்குக் காரணமே அந்தக் கட்டியா, அல்லது மாரடைப்புக்குப் பின் உருவானதா? பல வருடம் இந்த விவாதம் ஓடியது.

1980-ல் விடை வந்தது. அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் டிவுட் என்ற மருத்துவரும் குழுவினரும் மாரடைப்பு வந்த சில மணி நேரத்திலேயே 322 பேருக்கு ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்திருந்தார்கள். நான்கு மணி நேரத்துக்குள் பார்த்தவர்களில் 87 சதவீதம் பேருக்குத் தமனி முழுதாக அடைத்திருந்தது. நேரம் கழித்துப் பார்த்தவர்களில் இந்த எண்ணிக்கை குறைவு. அதாவது கட்டிதான் முதல் குற்றவாளி!

காரணம் தெரிந்ததும் வேகம் பிடித்தது. 1986-ல் இத்தாலியில் 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்து இறப்பை 13 சதவீதத்திலிருந்து 10.7 ஆகக் குறைத்தது. எவ்வளவு சீக்கிரம் கொடுத்தார்களோ அவ்வளவு பலன். அதே வருடம் ஸ்டென்ட் என்ற சிறு உலோக வலைக்குழாயும் மனித இதயத்தில் வைக்கப்பட்டது. 1990களில் மருந்தைவிட உடனடி ஆஞ்சியோபிளாஸ்டி மேல் என்று ஆய்வுகள் காட்டின.

சரி, ஒரு தமனி அல்ல, இரண்டு மூன்றிலும் கடுமையான அடைப்பு இருந்தால்? மாரடைப்பை உண்டாக்கியதை மட்டும் திறந்துவிட்டு மற்றதை விட்டுவிடுவதா? 2019-ல் 4,041 பேரிடம் நடந்த 'கம்ப்ளீட்' ஆய்வு, மற்ற அடைப்புகளையும் பின்னர் சரிசெய்வதே நல்லது என்றது. இதய இறப்பு அல்லது மறு மாரடைப்பு 10.5 சதவீதத்திலிருந்து 7.8 ஆகக் குறைந்தது. மறு மாரடைப்பு குறைந்ததே இதற்கு முக்கியக் காரணம். ஆனால் ரத்த அழுத்தம் சரிந்து அதிர்ச்சி நிலைக்குப் போனவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்கு முதலில் குற்றவாளித் தமனியை மட்டும் திறப்பதே மேல் என்று 2017-ல் வந்த ஆய்வு காட்டியிருந்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திறந்தால் அந்த உடம்பு தாங்காது.

இத்தனை பேர் உழைத்துக் கண்டுபிடித்ததற்குப் பலன் நேரத்தில்தான் இருக்கிறது. ரத்தம் கிடைக்காத இதயத்தசை நிமிடத்துக்கு நிமிடம் சாகிறது, செத்தது திரும்பாது. "வாயுப்பிடிப்பாக இருக்கும், சோடா குடித்தால் சரியாகிவிடும்" என்று வீட்டில் கழியும் ஒரு மணி நேரத்தை எந்த ஸ்டென்டாலும் திருப்பித் தர முடியாது.