வாவிக்கரையில் ஒரு பள்ளிவாசல்

கொம்பனித்தெரு வேகந்த ஜும்ஆப் பள்ளிவாசலுக்குப் பல ஆண்டுகளாகத் தொழப் போய் வந்திருக்கிறேன். அந்தப் பெயருக்குப் பொருள் என்னவென்று ஒருநாளும் கேட்டதில்லை. மலாய்ச் சொல்லாக இருக்கும் என்றே எண்ணியிருந்தேன். 1786இல் பந்தன் பாலி என்னும் மலாயர் அளித்த நிலத்தில் எழுந்த பள்ளியல்லவா? ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வரும் என்னை அழைத்துச் செல்ல வாசலில் காத்திருந்த சிங்கள நண்பர் பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்து, "வேகந்த என்றால் குளக்கட்டு. இங்கே குளம் எங்கே?" என்று கேட்டார். நாங்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் கட்டடங்கள்தாம் தெரிந்தன.

குளம் இருக்கத்தான் செய்தது. இருக்கவும் செய்கிறது. பேரை வாவியைத்தான் சொல்கிறேன். கோட்டைக்கு நீர் அரணாக இருக்கட்டும் என்று போர்த்துக்கேயர் ஓடைகளை மறித்து உண்டாக்கிய வாவி அது. 1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதனைத் தமது தேவைக்கேற்பத் திருத்திக்கொண்டனர். தி பேர் என்ற ஒல்லாந்தப் பொறியியலாளரின் பெயரே மருவிப் பேரை ஆயிற்று என்பது ஒரு கருத்து. இற்றைக்கு நூறாண்டுகளுக்கு முன்னர் ஏறத்தாழ 165 ஹெக்டேயர் பரப்பில் கிடந்த நீர் இன்று 65 ஹெக்டேயர் அளவே. மிகுதியெல்லாம் வீதியாகவும் புகையிரதப் பாதையாகவும் களஞ்சியமாகவும் மாறிவிட்டது.

ஒல்லாந்தர் காலத்தில் ஆபிரிக்காவிலிருந்தும் கீழைத் தீவுகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகள் பகல் முழுவதும் கோட்டைக்குள் உழைத்துவிட்டு, இரவில் வாவி சூழ்ந்த இந்த நிலத்தில் அடைக்கப்பட்டனர். தப்பி நீந்துவோரைத் தடுக்க நீரில் முதலைகள் இருந்தன என்பர். ஆங்கிலத்தில் அடிமைத் தீவு என்ற பெயர் வந்த வரலாறு இதுதான். தமிழில் நாம் கொம்பனித்தெரு என்று சொல்லிப் பழகியதால் அந்த வடு நம் நாவில் ஏறவில்லை. பிற்பாடு பிரித்தானியரின் மலாய்ப் படையணியினர் குடியிருந்ததும் இங்கேதான். அவர்கள் இந்த வாவியைப் பார்த்துக்கொண்டேதான் பள்ளிக்கு வந்திருப்பார்கள்.

நம்மவர் வரலாறு எழுதப்படும்போது பள்ளிவாசல்கள் கட்டப்பட்ட ஆண்டுகள் இருக்கும், தலைவர்களின் பெயர்கள் இருக்கும், வணிகம் இருக்கும். அந்தப் பள்ளி எந்த மண்ணில் நின்றது, அருகில் என்ன மரம், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடிற்று என்பன இரா. நானும் அப்படித்தான் எழுதி வந்திருக்கிறேன்.

1344இல் வந்த இப்னு பதூதா கொழும்பை 'கலன்பு' என்று குறித்து, செரந்தீபின் அழகிய பெரும் நகர்களுள் ஒன்று என்றார். இலைகள் உண்டு, காய் இல்லை என்ற ஒரு மாமரத்தால் கொழும்புக்கு அப்பெயர் வந்ததென்று ரொபர்ட் நொக்ஸ் தமது 1681ஆம் ஆண்டு நூலில் எழுதினார். துறை என்ற பொருள்தரும் பழைய சிங்களச் சொல்லே அது என்பாரும் உளர். மரமோ துறையோ, இரண்டும் இயற்கையைச் சார்ந்தவையே.

கறுவா விடயத்தில் நமக்கு நேரடியான தொடர்பு உண்டு. போர்த்துக்கேயர் வருமுன் கொழும்புத் துறையிலிருந்து கறுவாவை ஏற்றியவர்கள் முஸ்லிம் வணிகரே. அந்த வணிகம் கைமாறியபோது நம் முன்னோர் பட்ட துன்பங்கள் பலரும் எழுதியவை. இங்கு அவற்றை விரிக்க வேண்டியதில்லை. காட்டுக் கறுவாவையே உரித்து வந்த ஒல்லாந்தர், 1769ஆம் ஆண்டளவில் ஆளுநர் ஃபால்க் காலத்தில், மருதானைப் பக்கத்தில் அதனைத் தோட்டமாகப் பயிரிடத் தொடங்கினர். கறுவாவைத் திருட்டுத்தனமாக வெட்டி விற்றவனுக்கு மரண தண்டனை வரை இருந்த காலம் அது. பிரித்தானியர் 1833இல் கறுவா ஏகபோகத்தைக் கைவிட்டதன் பின் தோட்டம் மெல்ல மெல்லச் செல்வந்தர் குடியிருப்பாயிற்று. கறுவாத்தோட்டம் என்ற பெயர் இன்று பொலிஸ் நிலையப் பலகையில் இருக்கிறது. அங்கே கறுவாச் செடியைத் தேடிப் போகாதீர்கள். நான் போய்ப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் நூதனசாலை வளவின் ஆலமரங்களைப் பார்க்கலாம். 1877இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தை எழுப்பியவர் நம்மவரான வாப்பிச்சி மரைக்கார். என்ன வெகுமதி வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் மூடி வைத்தால் போதும் என்றாராம். அந்த வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. இதை மேடைகளில் நாம் சலிக்காமல் சொல்கிறோம். அவர் கட்டிய சுவர்களைப் பற்றிப் பேசும் எவரும் பக்கத்து ஆலமரத்தைப் பற்றிப் பேசக் கேட்டதில்லை.

கொழும்பின் கிழக்கிலும் வடகிழக்கிலும் கதை வேறு. களனி கங்கையின் வெள்ளம் பரவி ஆறிப் போவதற்கான சதுப்பும் வயலும் அங்கே கிடந்தன. மாநகருக்குள் வீட்டுக்கூலி கட்டுப்படியாகாத நம்மவர் பலர் கொலன்னாவைக்கும் வெல்லம்பிட்டிக்கும் போனது அந்தத் தாழ்நிலம் மலிவாகக் கிடைத்ததனால்தான். பக்கத்து மீதொட்டமுல்லையில் சதுப்பின் மேல் மாநகரின் குப்பை மலையாகக் குவிந்து, 2017 ஏப்ரல் 14இல், புத்தாண்டு நாளில், சரிந்து விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறு ஆண்டு, 2018இல், கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. எஞ்சிய சதுப்புகளில் மீன்பிடிப் பூனை இன்னும் உலவுவது உண்மையே; அந்தப் பெருமை தகும். ஆயினும் பத்திரிகையில் அச்செய்தியைப் படித்தபோது எனக்கு மாமியின் வீடுதான் நினைவுக்கு வந்தது.

2010 நவம்பரில் ஒரே இரவு மழையில் தியவன்னா சூழ்ந்த பாராளுமன்றத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. அன்று நாடே பேசிற்று. 2016 மே மாதம் களனி பெருகியபோது வெல்லம்பிட்டியில் மாமியின் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அயல் பள்ளிவாசலின் மேல்மாடியில் எல்லாச் சமூகத்தவரும் தங்கியிருந்தனர். கீழே பெரிய சட்டிகளில் சோறு ஆக்கிக்கொண்டிருந்தார்கள். நான் போனபோது மாமி ஒரு மூலையில் தஸ்பீஹும் கையுமாக இருந்தார். ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நாங்கதான் அதுட எடத்துல ஈக்கிற, மகன்" என்றார். எப்போது தெரியும் என்று கேட்டேன். வளவு வாங்கிய நாளிலேயே தெரியுமாம். மாமா லொறி லொறியாகக் கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பியபோது, ஒவ்வொரு மழைக்கும் அது உள்ளே இறங்கிக்கொண்டே போனதாம்.

வாய்க்கால் கரையில் இருப்பவர்களை 'அத்துமீறியவர்கள்' என்று அதிகாரிகள் சொல்லும்போது நான் தடுமாறுகிறேன். அவர்கள் தண்ணீரின் வழியில் இருப்பது மெய். வாவியில் நூறு ஹெக்டேயரை விழுங்கியவர்களை எவரும் அப்படி அழைத்ததில்லை என்பதும் மெய். 2014இல் தொடங்கிய துறைமுக நகரத் திட்டத்துக்காகக் கடலையே 269 ஹெக்டேயர் நிரப்பினார்கள். அதற்கு அபிவிருத்தி என்று பெயர்.

தண்ணீர் வடிந்த பின் மாமியின் வீட்டைக் கழுவ நாங்கள் ஐந்தாறு பேர் போனோம். அலுமாரியின் அடித்தட்டில் இருந்த காணி உறுதி நனைந்து ஊதிப் போயிருந்தது. தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வெயிலில் விரித்தோம். மை கலங்கியிருந்தாலும் காணியின் பெயரை வாசிக்க முடிந்தது. முன்பாதி அழிந்து, கடைசிச் சொல் மட்டும் தெளிவாக இருந்தது. 'கும்புர' என்று. வயல்.