லாப்ரடார் வாங்குமுன் ஒரு வரலாற்றுப் பாடம்



லாப்ரடார் குட்டி வாங்கலாமா என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். விலையை விசாரிப்பதற்கு முன் அதன் வரலாற்றைப் படியுங்கள். வீட்டுக்கு வந்தபின் அது என்ன செய்யும் என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

பெயர் லாப்ரடார் என்றாலும் அதன் பூர்வீகம் கனடாவின் கிழக்கே உள்ள நியூஃபவுண்ட்லாந்து தீவு. அங்குள்ள மீனவர்கள் 'செயின்ட் ஜான்ஸ்' என்ற நாயை வளர்த்தார்கள். குளிர்ந்த கடலில் குதித்து, நழுவிய மீனையும் கயிற்றையும் கவ்விக்கொண்டு வருவது அதன் வேலை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மீன் ஏற்றிவந்த கப்பல்களில் அது இங்கிலாந்தின் பூல் துறைமுகத்துக்கு வந்தது. மால்ம்ஸ்பரி பிரபு குடும்பத்தார், சுட்டு வீழ்த்திய வாத்துகளை எடுத்துவர அதைப் பழக்கினார்கள். 1880-களில் அவர்கள் தந்த நாய்களைக் கொண்டு ஸ்காட்லாந்தின் பக்ளூ கோமகன் குடும்பம் இந்த இனத்தைக் காப்பாற்றியது. 1903-இல் பிரிட்டனின் கென்னல் கிளப் இதை அங்கீகரித்தது. ஆனால் மூல இனமான செயின்ட் ஜான்ஸ் நாய் 20-ஆம் நூற்றாண்டில் அற்றே போனது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். செருப்பு, துண்டு, ரிமோட் எல்லாவற்றையும் கவ்வும். அது குறும்பு அல்ல, குலத்தொழில். நாள் முழுவதும் கடலில் உழைத்த உடம்பு என்பதால் தினமும் நடையும் ஓட்டமும் வேண்டும். குளிருக்கு ஏற்ற இரட்டை அடுக்கு ரோமம் இருப்பதால் நம் ஊர் வெயிலில் தவித்துப்போகும். மொட்டை மாடியில் கட்டிப்போடுவது கொடுமை. காலையிலும் மாலையிலும் மட்டும் நடக்கவிடுங்கள்.

சாப்பாட்டில் கண்டிப்பு தேவை. 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாருக்குப் பசியைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றில் குறை இருப்பதைக் கண்டறிந்தார்கள். எவ்வளவு தின்றாலும் அதற்குப் பசி அடங்காது. கெஞ்சுகிறதே என்று ஆளுக்கொரு பிஸ்கட் போட்டால் எடை கூடும். இடுப்பு மூட்டு நோய் வந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

இன்று கையில் அடங்கும் குட்டி, ஒன்றரை வயதில் 30 கிலோ இருக்கும். 10 முதல் 12 ஆண்டுகள் உங்களையே நம்பி வாழும். வளர்ந்தபின் பாரம் என்று தெருவில் விடுகிறார்களே, அந்தப் பாவம் வேண்டாம். அத்தனை ஆண்டும் நேரம் ஒதுக்க முடிந்தால் வாங்குங்கள். முடியாதென்றால் நம் வெயிலுக்குப் பழகிய நாட்டுக்குட்டி ஒன்றை எடுத்து வளர்க்கலாமா என்று யோசியுங்கள். அதற்கும் நேரமும் அன்பும் வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்