குட்டி ஃபிரிட்ஜும் அப்பாவின் கோலி சோடாவும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் டெக்சாஸிலிருந்து பழைய மாணவன் ஒருவன் வாட்ஸப்பில் நாலு போட்டோ அனுப்பினான். 1998-ல் பத்தாம் வகுப்பு எழுதியவன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அவன் அம்மா என் பதிவுகளை விடாமல் படிப்பவராம். போட்டோவில் ஒரு குட்டி ஃபிரிட்ஜ். மருந்துக்கடையில் ஊசி மருந்து வைப்பார்களே, அந்த அளவு. அதன் தலையில் ஓட்டை போட்டு ஒரு எவர்சில்வர் தூண், தூணில் ஒரு குழாய். கதவைத் திறந்தால் உள்ளே உயரமான ஒரு எவர்சில்வர் பீப்பாய், பக்கத்தில் ஒரு கேஸ் சிலிண்டர். கீழே எழுதியிருந்தான்: "சார், திட்டாதீங்க. வீட்டில் நானே போட்ட பீர் இது. குழாயைத் திறந்தால் கிளாசில் வரும். நீங்கள் நடத்திய வாயு கரைதிறன் பாடம்தான் சார்."

திட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டாம் தடவை போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தபோது சிலிண்டரிலிருந்து பீப்பாய்க்குப் போகும் ரப்பர் குழாய் கண்ணில் பட்டது. இதை நான் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். எரியோட்டில் எங்கள் அப்பாவின் சோடாக் கடையில் இருந்தது இதே அமைப்புதான். பீரும் குளிரும் வேண்டுமானால் அங்கே கிடையாது.

அப்பாவின் கடை எப்படி இருக்கும் என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. முன்புறம் ஒரு மரப் பலகை, அதன் மேல் வரிசையாகப் பச்சை பாட்டில்கள். பின்னால் சோடா மிஷின். பாட்டிலில் தண்ணீரை நிரப்பி மிஷினின் பெட்டிக்குள் படுக்க வைத்து மூடி, சிலிண்டரைத் திறந்துவிட்டுக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். பெட்டி தலைகீழாகப் புரண்டு புரண்டு வரும். தண்ணீரும் கேஸும் உள்ளே குலுங்கிக் கலக்கும். பாட்டில் தலைகீழாக நிற்கும்போது உள்ளே இருக்கும் கோலி கழுத்துக்கு வந்து விழும். கேஸ் அதை ரப்பர் வளையத்தோடு வைத்து அழுத்திக்கொள்ளும். மூடியும் வேண்டாம், தக்கையும் வேண்டாம். உள்ளே அடைபட்ட கேஸே தனக்குப் பூட்டுப் போட்டுக்கொள்கிறது. பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இந்தப் பூட்டை நாம் கவனிக்காமல் விட்டுவிட்டோம். ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அவர் நாட்டில் இந்தப் பாட்டில் பொருட்காட்சிக்குப் போன பிறகும் நம் ஊர்ப் பெட்டிக்கடையில் அது ஓடிக்கொண்டிருந்தது.

பாட்டில்கள் ஈரச் சாக்குக்குள்தான் இருக்கும். மத்தியானம் சாக்குக்குத் தண்ணீர் தெளிப்பது என் வேலை. ஜில்லென்று இருக்கத்தான் தெளிக்கிறோம் என்று பல வருடம் நினைத்திருந்தேன். கல்லூரியில் வில்லியம் ஹென்றியின் விதியைப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. வெளியே அழுத்தம் கூடினால் நீரில் கரையும் வாயுவும் கூடும் என்று அவர் 1803-ல் சொன்னார். சூடு ஏறினால் கரைவது குறையும் என்பது அதோடு சேர்ந்த பாடம். ஒரு லிட்டர் தண்ணீர் 0 டிகிரியில் சுமார் 1.7 லிட்டர் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அதில் பாதிகூடத் தாங்காது. சித்திரை வெயிலில் சாக்கு காய்ந்தால் தண்ணீருக்குள் இருக்கும் கேஸ் வெளியே வந்து பாட்டிலை முட்டும். கண்ணாடியில் சின்னக் கீறல் இருந்தால் போதும், வெடித்துவிடும். அப்பாவின் இடது புருவத்தில் இருந்த தழும்பு அப்படி வந்ததுதான். மாணவனின் ஃபிரிட்ஜ் செய்வது அந்த ஈரச் சாக்கின் வேலை. அவன் 3, 4 டிகிரியில் வைத்திருக்கிறானாம். அதனால் குறைந்த அழுத்தமே போதும், 10, 12 பிஎஸ்ஐ. குழாய் மட்டும் நீளமாக இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் கிளாசில் நுரைதான் விழும். ஓட்டை போடும்போது ஃபிரிட்ஜுக்குள் ஓடும் கேஸ் பைப்பில் துளைக்கருவி பட்டுவிடாமல் இருக்க அவன் செய்ததும் எனக்குப் பிடித்திருந்தது. சோளமாவை ஸ்பிரிட்டில் குழைத்து மேல் தகட்டில் பூசியிருக்கிறான். பைப் ஓடும் இடம் சூடாக இருக்குமாதலால் அங்கே மட்டும் சீக்கிரம் காய்ந்து கோடு தெரிந்திருக்கிறது. இதற்குத் தாராளமாக 10 மதிப்பெண் போடலாம்.

சோடா எங்கே பிறந்தது தெரியுமா? பீர் ஆலையில். ஜோசப் பிரீஸ்ட்லி 1767-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்குக் குடிபோனார். பக்கத்திலேயே பீர் ஆலை. நொதிக்கும் தொட்டிகளுக்கு மேலே ஒரு வாயு தேங்கி நிற்பதையும், அதில் மெழுகுவர்த்தி அணைந்துபோவதையும் பார்த்தார். அந்த வாயுவுக்குள் இரண்டு பாத்திரங்களை வைத்துக்கொண்டு தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினார். நம் டீ மாஸ்டர் ஆற்றுவது போலத்தான். தண்ணீர் சுருக்கென்று ஆகிவிட்டது. 1772-ல் அதைச் செய்யும் முறையைச் சிறு நூலாகவே வெளியிட்டார். கப்பல் மாலுமிகளுக்கு வரும் ஸ்கர்வி நோய்க்கு இது மருந்தாகும் என்றும் நம்பினார். அது பொய்த்துப்போனது. பிறகு ஷ்வெப் என்பவர் ஜெனீவாவில் இதைத் தொழிலாக்கி, 1790களில் லண்டனுக்குக் கொண்டுவந்தார். வெள்ளைக்காரன் வழியாக நமக்கும் வந்தது. 1916-ல் விருதுநகரில் பழனியப்ப நாடார் காளி மார்க்கைத் தொடங்கியபோது சோடா நம்மவர் தொழிலாகிவிட்டிருந்தது.

ஃபிரிட்ஜின் கதையும் அதே வீட்டுக்குத்தான் போகிறது. கார்ல் லிண்டே 1870களில் செய்த குளிர்விக்கும் இயந்திரங்களுக்குப் பணமும் இடமும் கொடுத்தது மியூனிக் நகரத்து ஷ்பாட்டன் பீர் ஆலை. கோடையிலும் பீர் போட வேண்டும் என்பது அவர்கள் தேவை. வகுப்பில் நான் "ஜூல், ஜூல்" என்று உங்களை எழுத வைத்தேனே, அந்த ஜேம்ஸ் ஜூலும் சால்ஃபோர்டில் பீர் ஆலை நடத்திய குடும்பத்துப் பிள்ளைதான். இதை வகுப்பில் சொல்லாமல் மறைத்தேன். ஹெட்மாஸ்டருக்குப் பயம்.

நம் சீமையில் அப்போது குளிருக்கு என்ன வழி? பனிக்கட்டி கப்பலில் வந்தது. பாஸ்டன் வியாபாரி ஃபிரெடெரிக் டியூடர் அமெரிக்க ஏரிகளில் உறையும் பனியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, 1833-ல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். ஏற்றிய 180 டன்னில் 100 டன் கரையாமல் வந்து சேர்ந்தது. சென்னைக்கு வந்த பனியை வைக்க 1842-ல் கடற்கரையில் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கான பீரை மலையில் போட்டார்கள், குளிர் அங்கே இலவசம். தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915-ல் நீலகிரி, பெங்களூர்ப் பக்கத்து ஆலைகள் ஐந்தைச் சேர்த்து யுனைடெட் புரூவரீஸ் என்று ஆக்கினார். அந்தக் காலத்தில் பீர் பெரிய பெரிய மரப் பீப்பாய்களில் மாட்டு வண்டியில் போனது. பீப்பாயில் குழாய் வைத்துப் பிடிப்பது நம் மண்ணுக்குப் புதிதில்லை. நம் தாத்தாக்களுக்கு அது எட்டவில்லை, அவ்வளவுதான். அவர்களுக்குப் பனைமரம் இருந்தது.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அண்ணன் பிள்ளைகளிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

ராஜாஜி 1937-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் மாகாணம் முழுக்க வந்தது. அப்பா கடை வைத்தது அதற்குப் பிறகு. "கள்ளுக்கடை போன இடத்தில் சோடாக் கடை வந்தது" என்று பெருமையாகச் சொல்வார். கல்யாண வீடு, காதுகுத்து, கட்சிக் கூட்டம், எதுவானாலும் எங்கள் பாட்டில் போகும். மேடையில் பேசுகிறவர் நடுவில் நிறுத்திச் சோடா குடித்தால்தான் அது கூட்டம். (கூட்டம் கலாட்டாவில் முடிந்தால் அதே பாட்டில் பறக்கும். காலி பாட்டில் திரும்பி வராத கணக்கை அப்பா தனி நோட்டில் எழுதி வைத்திருந்தார்.)

1971 ஆகஸ்ட் 30-ல் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள். எனக்கு அப்போது 13 வயது. நாம் அன்று மதுரை மாவட்டம், திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-ல்தான். எங்கள் கடைக்குக் கொஞ்ச தூரத்தில் சாராயக்கடை வந்தது. அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாளிலிருந்து மிஷினின் கைப்பிடி நிற்கவில்லை. சாராயத்தில் ஊற்றச் சோடா வேண்டுமே! ஒரு நாளைக்கு ஓடிய பாட்டில் மூன்று மடங்கானது. மறுப்பதா, கொடுப்பதா என்று அப்பாவும் அம்மாவும் ராத்திரி பேசிக்கொண்டதைப் பாயில் படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். கொடுப்பது என்றுதான் முடிவானது. வீட்டில் ஐந்து பிள்ளைகள். அந்த மூன்று வருடக் காசில்தான் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது, என் படிப்புக்கும் எடுத்து வைத்தார்கள். சாராயக்கடைக்குப் பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்தது பெரியண்ணன். அவருக்கு 21 வயது.

கள்ளுக்கடைகளை 1973-லும் சாராயக்கடைகளை 1974-லும் மூடினார்கள். அண்ணனுக்குள் திறந்தது மூடவில்லை. 1981-ல் மறுபடி கடைகள் வந்தன. 1983-ல் டாஸ்மாக் தொடங்கினார்கள். அண்ணன் 1989-ல் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். கடைசி வருடத்தில் அவருக்கு இறங்கியது வெறும் சோடா மட்டும்தான். அப்பா தானே சுற்றி எடுத்து வந்து, கோலியைத் தட்டி, நுரை அடங்கும்வரை காத்திருந்து கொடுப்பார். அந்தச் சாவுக்குப் பிறகு அவர் மிஷினைத் தொடவில்லை. பெப்சியும் கோக்கும் வந்து கோலி சோடாவைக் கொன்றன என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எங்கள் கடை அதற்கு முன்பே மூடியாகிவிட்டது.

அதனால்தான் அந்தப் போட்டோவைப் பார்த்ததும் திட்ட வாய் வந்தது. ஆனால் அவனிடம் விசாரித்ததில் இன்னொன்று தெரிந்தது, அதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. அவன் ஃபிரிட்ஜில் நிற்கும் பீப்பாய் பீருக்காகச் செய்ததே இல்லை. கார்னீலியஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி குளிர்பானக் கடைகளுக்காகச் செய்த சிரப் பீப்பாய் அது, சுமார் 19 லிட்டர் பிடிக்கும். பெப்சி, கோக் கடைகளில் ஓடியது. பிறகு சிரப்பைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி அட்டைப்பெட்டியில் அனுப்பும் முறை வந்தது. பீப்பாய்கள் குவிந்து பழைய இரும்பு விலைக்கு விற்றன. வீட்டில் பீர் போடுகிறவர்கள் அள்ளிக்கொண்டார்கள். வீட்டில் பீர் போடுவதே அங்கே 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகுதான் நாடளவில் குற்றமில்லை என்றானது. பீர்த் தொட்டியிலிருந்து பிறந்த சோடா, தன் பீப்பாயைத் திரும்பப் பீருக்கே கொடுத்திருக்கிறது. எங்கள் கடையில் நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

தம்பி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். பொங்கலுக்கு வரும்போது இந்தச் சாமானைக் கொண்டுவந்து எரியோட்டில் ஒன்று செய்து காட்டட்டுமா என்று கேட்டாய். இங்கே வீட்டில் பீர் போடுவது குற்றம். 1937-ம் வருட மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. கடையில் விற்பது அரசாங்கம், காய்ச்சினால் பிடிப்பதும் அரசாங்கம். இதில் எனக்கு ஆயிரம் கேள்வி உண்டு, அதை உன் வீட்டுத் திண்ணையில் பேசுவோம். ஆனால் கள்ளக்குறிச்சியில் 2024-ல் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்ததைப் பார்த்த பிறகு, யாரும் எதையும் காய்ச்சலாம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

பீப்பாயும் குழாயும் கொண்டு வா. ஃபிரிட்ஜ் வேண்டாம், அங்கே 120 வோல்ட், இங்கே 230. என் வீட்டில் பேரன் ஹாஸ்டலில் வைத்திருந்த குட்டி ஃபிரிட்ஜ் சும்மா கிடக்கிறது. உன் பீப்பாய் உள்ளே நிற்குமா, கம்ப்ரசர் மேடு இடிக்குமா என்று உயரத்தை அளந்து அனுப்பு. உன் ரெகுலேட்டர் மரை இங்குள்ள சிலிண்டருக்குப் பொருந்தாது, இணைப்பை திண்டுக்கல்லில் கடைந்து வாங்க வேண்டாம், கேஸ் கம்பெனியில் கேட்டு முறையாக வாங்குவோம். சோடாவுக்குப் பீரைவிட மூன்று மடங்கு அழுத்தம் வைக்க வேண்டும், குழாயையும் அதற்கேற்ப நீளமாக வாங்கி வா. நன்னாரி சர்பத்தும் எலுமிச்சையும் நான் ஏற்பாடு செய்கிறேன். அண்ணன் பேத்திக்குத் தை மாதம் சடங்கு வைத்திருக்கிறார்கள், பந்தலில் வைத்துப் பார்க்கலாம்.

அப்பாவின் பாட்டில் மூன்று பரணில் இருக்கிறது. ரப்பர் வளையம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.